மறைந்த உரையைக் கண்டெடுப்பதும் மீட்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறர் தட்டச்சு செய்த ஆவணங்களைத் திருத்தி ஒழுங்குபடுத்தித் தரும் வேலையில் இருப்பதால், "இங்கே ஒரு பத்தி இருந்தது, இப்போது காணவில்லை" என்ற முறையீட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் பெரும்பாலும் கணினியில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் வேர்டைப் பற்றியவை. மற்றச் சொற்செயலிகளுக்குத் தனிக் கேள்வி உண்டு. பட்டியல்களின் பெயர்களைத் திரையில் காணும் ஆங்கில ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன், தேடுவதற்கு அதுவே வசதி.

1. நேற்றுவரை இருந்த பத்தி இன்று திரையில் இல்லை. அழிந்தேபோய்விட்டதா?

உடனே அப்படி முடிவுகட்ட வேண்டாம். ஆவணத்தில் ஒரு பகுதி கண்ணில் படாமல் போவதற்கு மூன்று வகைக் காரணங்கள் உண்டு. முதலாவது, அந்த எழுத்துகளுக்கு "மறைந்த உரை" என்ற வடிவம் கொடுக்கப்பட்டிருப்பது. தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்பவை போல வேர்டில் ஹிடன் என்பதும் ஒரு எழுத்து வடிவமே. இரண்டாவது, உரை சாதாரணமாகவே இருக்க, திரையின் காட்சி அமைப்பு அதைக் காட்டாமல் விடுவது. மூன்றாவது, உண்மையிலேயே நீக்கப்பட்டிருப்பது. முதல் இரண்டிலும் உரை கோப்புக்குள் முழுமையாக இருக்கிறது.

எந்த வகை என்று தெரியும்வரை அந்த இடத்தில் எதையும் தட்டச்சு செய்யவோ நீக்கவோ கூடாது. மறைந்த உரை இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கும்போது, அந்த இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து நீக்கினால், கண்ணுக்குத் தெரியாத நடுப்பகுதியும் அவற்றோடு போய்விடும். ஆகவே கோப்பை வேறு பெயரில் ஒரு படி எடுத்துக்கொண்டு, சோதனைகளை அந்தப் படியில் செய்யுங்கள்.

2. முதலில் எதை அழுத்திப் பார்க்க வேண்டும்?

ஹோம் பட்டியில், பத்தி அமைப்புகள் உள்ள இடத்தில், பின்புறமாகத் திரும்பிய ஆங்கிலப் "பி" எழுத்தைப் போன்ற ஒரு பொத்தான் இருக்கும். அதுதான் பத்திக்குறிப் பொத்தான். விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். மேல்வரிசையில் உள்ள 8ஐ அழுத்த வேண்டும். மேக் கணினியில் கமாண்ட், 8.

அழுத்தியதும் சொல் இடைவெளிகள் சிறு புள்ளிகளாகவும், டேப் இடைவெளிகள் அம்புகளாகவும் தெரியும். மறைந்த உரை, கீழே புள்ளிக்கோடு இட்டு வெளிப்படும். இது சிவப்பு நெளிகோடு அன்று. நெளிகோடு எழுத்துப்பிழையைச் சுட்டுவது. புள்ளிகளால் ஆன அடிக்கோட்டை யாரேனும் அழகுக்காகப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், பொத்தானை மீண்டும் அழுத்தும்போது அந்தச் சொற்கள் மறைகின்றனவா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. நான் எதையும் மறைக்கவில்லையே, பின் எப்படி மறைந்தது?

பெரும்பாலும் விரல் தவறியதுதான் காரணம். கண்ட்ரோல், எச் என்பது தேடி மாற்றுவதற்கான விசை. அதனுடன் ஷிஃப்டும் சேர்ந்து அழுந்திவிட்டால், அந்நேரம் தேர்ந்திருந்த உரை மறைந்த உரையாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. எதுவும் தேர்ந்தெடுக்கப்படாதபோது அழுந்தினால் நிலைமை இன்னும் வினோதமானது: அதற்குப் பிறகு தட்டச்சு செய்வதெல்லாம் தோன்றாமலேயே போகும், விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று ஐயப்பட வைக்கும்.

வேறு வழிகளும் உண்டு. பிறர் உருவாக்கிய மாதிரிப் படிவங்களில், நிரப்புவோருக்கான குறிப்புகளை மறைந்த உரையாக வைத்திருப்பார்கள். அங்கிருந்து நகலெடுத்து ஒட்டினால் மறைப்பும் கூடவே வந்து சேரும். ஸ்டைல் என்பது பெயரிட்டு வைத்த வடிவத் தொகுப்பு. ஒரு ஸ்டைலின் வரையறையிலேயே ஹிடன் சேர்க்கப்பட்டிருந்தால், அந்த ஸ்டைலைப் பெற்ற பத்திகள் அனைத்தும் ஒருசேர மறையும்.

4. இப்போது தெரிகிறது. ஆனால் பொத்தானை அணைத்தால் மறுபடி மறைகிறது. நிரந்தரமாக மீட்பது எப்படி?

பத்திக்குறிப் பொத்தான் மறைந்ததைக் காட்டுமே தவிர, மறைப்பை நீக்காது. நீக்குவதற்கு, புள்ளிக்கோட்டுடன் தெரியும் பகுதியைத் தேர்ந்து, கண்ட்ரோல், டி அழுத்தி எழுத்துரு அமைப்புப் பெட்டியைத் திறந்து, ஹிடன் என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். ஆவணம் முழுவதையும் தேர்ந்திருந்தால் அந்தக் கட்டத்தில் சரிக்குறி இல்லாமல், நிரப்பப்பட்ட சதுரம் போன்ற ஒன்று தெரியலாம். சில இடங்கள் மறைந்தவை, சில இடங்கள் மறையாதவை என்பதே அதன் பொருள். கட்டம் வெறுமையாகும்வரை சொடுக்கிப் பின் ஓகே கொடுங்கள். அந்தப் பெட்டியில் நீங்கள் தொடாத மற்ற அமைப்புகள் மாறமாட்டா.

தேர்ந்த பகுதியில் கண்ட்ரோல், ஸ்பேஸ்பார் அழுத்தினாலும் மறைப்பு போகும். ஆனால் அதே இடத்தில் நேரடியாகக் கொடுத்திருந்த தடித்த, சாய்ந்த எழுத்து முதலியவையும் சேர்ந்து போகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மறைப்பு பத்தியின் ஸ்டைலிலிருந்து வந்ததாக இருந்தால் இந்த விசைக்கு அது அசையாது. அப்போது ஸ்டைலின் மேல் வலச்சொடுக்கி, மாடிஃபை என்பதற்குள் சென்று, எழுத்துரு அமைப்பில் ஹிடனை எடுப்பதே முறையான தீர்வு.

5. என் ஆவணம் இருநூறு பக்கம். எல்லா இடத்தையும் ஒரே தடவையில் தேடிப் பிடிக்க முடியுமா?

முடியும். முதலில் இரண்டாம் விடையில் சொன்னபடி மறைந்த உரையைத் திரையில் தெரியச் செய்துவிடுங்கள், ஏனெனில் திரையில் காட்டப்படாத மறைந்த உரையை வேர்டின் தேடல் கண்டுகொள்வதில்லை. இந்தப் படியை விட்டுவிட்டு "தேடினேன், ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்கள் மிகப் பலர். பிறகு கண்ட்ரோல், எச் அழுத்தி, தேடும் பெட்டியை வெறுமையாக விட்டு, மோர், ஃபார்மட், ஃபான்ட் என்று சென்று ஹிடனில் குறியிடுங்கள். மாற்றும் பெட்டியிலும் அவ்வாறே சென்று, அங்கே குறி நீக்கப்பட்ட நிலையைத் தேர்ந்தால், பெட்டியின் கீழே "நாட் ஹிடன்" என்று காட்டும்.

எனினும், எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றுவதற்கு முன்பு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. நூலின் இறுதியில் சொல்லடைவு அமைப்பதற்காக இடப்படும் குறிப்புகளை, நெளிவு அடைப்புக்குறிகளுக்குள், வேர்டே மறைந்த உரையாகத்தான் வைக்கிறது. அவை மறைந்திருக்க வேண்டியவை, அவற்றைத் தொடக்கூடாது. மேலும், கண்ட்ரோல், ஏ அழுத்தி ஆவணம் முழுவதையும் தேர்ந்துவிட்டதாக நாம் நினைத்தாலும், மேற்குறிப்பு, அடிக்குறிப்பு, உரைப்பெட்டி ஆகியவற்றுக்குள் உள்ளவை அந்தத் தேர்வில் அடங்குவதில்லை. அங்கெல்லாம் தனித்தனியே சென்று பார்க்க வேண்டும்.

6. பத்திக்குறிப் பொத்தானை அணைத்தும் புள்ளிக்கோட்டு உரை போகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஃபைல், ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளே என்ற இடத்தில், எந்தெந்தக் குறிகளை எப்போதும் காட்ட வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் ஹிடன் டெக்ஸ்ட் குறியிடப்பட்டிருந்தால், பொத்தான் எந்த நிலையில் இருந்தாலும் மறைந்த உரை தெரிந்துகொண்டே இருக்கும். குறியை எடுத்தால் சரியாகும். மேக் கணினியில் இது பிரிஃபெரன்சஸ், வியூ என்பதற்குள் உள்ளது.

7. பொத்தானைப் போட்டும் ஒன்றும் வெளிவரவில்லை. இப்போது என்ன செய்வது?

அப்படியானால் முதல் விடையில் சொன்ன இரண்டாம் வகையைப் பார்க்க வேண்டும். தலைப்புகள் உள்ள ஆவணமானால், தலைப்பு மடிக்கப்பட்டிருக்கலாம். வேர்டு 2013 முதல், தலைப்பு ஸ்டைலில் உள்ள வரியின் இடப்பக்கம் சுட்டியைக் கொண்டுசென்றால் ஒரு சிறு முக்கோணம் தோன்றும். அதைத் தெரியாமல் சொடுக்கினால் அந்தத் தலைப்பின் கீழுள்ள அனைத்தும், பல பக்கங்களானாலும், ஒரே நொடியில் மடிந்துவிடும். தலைப்பின் மேல் வலச்சொடுக்கி, எக்ஸ்பேண்டு/கொலாப்ஸ் என்பதில் எல்லாத் தலைப்புகளையும் விரிக்கும் கட்டளையைக் கொடுங்கள். திறக்கும்போதெல்லாம் மீண்டும் மடிந்தே வந்தால், பத்தி அமைப்புப் பெட்டியில் "கொலாப்ஸ்டு பை டிஃபால்ட்" என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

மேற்குறிப்பும் பக்க எண்ணும் மட்டும் காணவில்லை என்றால், இரண்டு பக்கங்களுக்கு இடையிலான கோட்டில் இருமுறை சொடுக்கியிருப்பீர்கள். மறுபடி அங்கேயே இருமுறை சொடுக்கினால் வெற்றிடமும் மேற்குறிப்பும் திரும்பும். முதல் பக்கத்தில் மட்டும் இல்லை என்றால், மேற்குறிப்பு அமைப்பில் "டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்" குறியிடப்பட்டிருக்கும்.

8. படத்தின் கீழ்ப்பக்கக் கீற்று மட்டும் தெரிகிறது, மீதியைக் காணோம். படம் பழுதா?

பழுது இல்லை. படம் இருக்கும் பத்தியின் வரி இடைவெளி "எக்ஸாக்ட்லி" என்று ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கட்டப்பட்டிருக்கிறது. வரியின் உயரம் 12 புள்ளி (பாயிண்ட் என்ற அளவு) என்று கட்டினால், படமும் அந்த 12 புள்ளிக்குள் வெட்டுப்பட்டுத் தெரியும். இடைவெளியைச் சிங்கிள் என்று மாற்றினால் முழுப்படமும் வரும். அட்டவணைக் கட்டங்களில் கடைசி வரிகள் காணாமல் போவதற்கும் இதுபோல, வரிசையின் உயரத்தை மாறா அளவாக வைத்திருப்பதே காரணம்.

படம் முற்றிலும் இல்லையென்றால், லேஅவுட் பட்டியில் உள்ள செலக்ஷன் பேனைத் திறந்து பாருங்கள். மிதக்கும் படங்களும் வடிவங்களும் அங்கே பெயரோடு வரிசையாக இருக்கும். எதன் அருகில் கண் சின்னம் அணைந்திருக்கிறதோ அதுவே மறைக்கப்பட்டது. டிராஃப்ட் காட்சியில் மிதக்கும் படங்கள் தெரிவதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

9. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஏதோ இருப்பதாகச் சொல்கிறார்கள். அதை எப்படிப் பார்ப்பது?

இது உண்மையான மறைந்த உரை அன்று. நிறத்தால் ஒளிக்கப்பட்ட சாதாரண உரை. அதனால் பத்திக்குறிப் பொத்தான் அதை வெளிக்கொணராது. சந்தேகமான வெற்றிடத்தில் பொத்தானைப் போட்டுப் பார்க்கும்போது சொல்லிடைப் புள்ளிகளோ எழுத்துப்பிழையின் நெளிகோடோ தெரிந்தால், அங்கே ஏதோ இருக்கிறது. எடுத்து வைத்த படியில், ஆவணம் முழுவதையும் தேர்ந்து எழுத்தின் நிறத்தை ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். எழுத்தளவு 1 என்று சுருக்கப்பட்டிருக்கவும் கூடும் என்பதால், முழு உரையையும் நகலெடுத்து நோட்பேடு போன்ற வெற்று உரைச் செயலியில் ஒட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. அங்கே நிறமும் இல்லை, அளவும் இல்லை, ஒளிந்துகொள்ள இடமும் இல்லை.

10. திருத்தங்கள் எல்லாம் போய்விட்டன என்று நினைத்தேன், பெறுநரின் கணினியில் அத்தனையும் தெரிந்ததாம். எப்படி?

ரிவியூ பட்டியில், திருத்தங்களை எப்படிக் காட்டுவது என்பதற்கு நான்கு நிலைகள் உள்ளன. "நோ மார்க்கப்" என்ற நிலையில் ஆவணம் திருத்தமே நடக்காதது போலத் துப்புரவாகத் தெரியும். "சிம்பிள் மார்க்கப்" நிலையில் ஓரத்தில் ஒரு செங்கோடு மட்டும் இருக்கும். இவை இரண்டும் காட்சியை மாற்றுபவை மட்டுமே. நீக்கிய சொற்களும், சேர்த்த சொற்களும், யார் எப்போது செய்தார் என்பதும் கோப்பிலேயே இருக்கும். "ஆல் மார்க்கப்" என்று மாற்றினால் எல்லாம் வெளிவரும்.

இதையே மீட்புக்கும் பயன்படுத்தலாம். திருத்தங்களைப் பதிவுசெய்யும் டிராக் சேஞ்சஸ் வசதி இயங்கிக்கொண்டிருந்தபோது நீக்கிய பத்தி வேண்டுமானால், அந்த நீக்கலின் மேல் ரிஜெக்ட் கொடுத்தால் அது திரும்பி வந்துவிடும். திருத்தத் தடயங்கள் போக வேண்டுமானால் ஒவ்வொன்றையும் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்; கருத்துரைகளைத் தனியாக நீக்க வேண்டும்.

11. ஒரு வரியை மறைத்ததும், அதற்கு முன்பும் பின்பும் இருந்த பத்திகள் ஒட்டிக்கொண்டன. பக்க எண்களும் பிசகுகின்றன.

வரியோடு சேர்த்து முந்தைய பத்தியின் முடிவுக்குறியையும் மறைத்திருப்பீர்கள். பத்திக்குறி மறைந்தால், அந்தப் பத்தி அடுத்ததோடு இணைந்து தெரியும். குறிகளைக் காட்டச் செய்து, முந்தைய பத்தியின் குறியில் மட்டும் ஹிடனை எடுத்துவிடுங்கள். அட்டவணையில் இதற்கு நேர்மாறு: வரிசை முழுவதும் மறைய வேண்டுமானால், வரிசையின் முடிவுக்குறியும் தேர்வில் இருக்க வேண்டும், இல்லையெனில் வெற்று வரிசை எஞ்சும்.

பக்க எண்கள் பிசகுவதற்குக் காரணம், மறைந்த உரை திரையில் தெரியும்போது அதுவும் இடம் பிடித்துக்கொள்வதே. பொருளடக்கத்தைப் புதுப்பிக்கும் முன்பு மறைந்த உரையின் காட்சியை அணைத்துவிட்டு, பிறகு எஃப் 9 அழுத்துங்கள்.

12. லிப்ரஆஃபிஸ், கூகுள் டாக்ஸ் ஆகியவற்றிலும் இதே முறைதானா?

லிப்ரஆஃபிஸ் ரைட்டரில் கண்ட்ரோல், எஃப் 10 குறிகளைக் காட்டும். மறைந்த எழுத்துகளும் அதில் சேர வேண்டுமானால், டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக ரைட்டரின் ஃபார்மட்டிங் எய்ட்ஸ் பகுதியில் அதற்கான குறி இருக்க வேண்டும். ஆனால் ரைட்டரில் மறைக்கும் வழிகள் இன்னும் அதிகம். ஒரு முழுப் பகுதியையே செக்ஷன் ஆக்கி, நிபந்தனையோடும் மறைக்கலாம். பத்தியை மறைக்கும் புலமும் தனியாக உண்டு. ஃபார்மட் பட்டியலில் செக்ஷன்ஸ் என்பதைத் திறந்து, ஹைட் குறி எதற்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கூகுள் டாக்ஸில் வேர்டில் உள்ளது போன்ற மறைந்த உரை வடிவம் இல்லை. அங்கே காணாமல் போனவற்றைப் பதிப்பு வரலாற்றில் தேட வேண்டும்.

13. தவறாக அழித்துச் சேமித்தும் விட்டேன். இனி வழியே இல்லையா?

கோப்பை இன்னும் மூடவில்லை என்றால் கண்ட்ரோல், இசட் வேலை செய்யும். சேமித்த பிறகும் அது இயங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூடிவிட்டிருந்தால், இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் வைத்த கோப்புக்குப் பதிப்பு வரலாறு இருக்கும். கணினியில் மட்டும் இருந்த கோப்புக்கு, ஃபைல், இன்ஃபோ என்பதில் மேனேஜ் டாக்குமென்ட் பகுதியைப் பாருங்கள். வேர்டு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தன்மீட்புப் படி எடுக்கிறது. ஆனால் அது திடீர் மின்தடைக்கானது, முறையாகச் சேமித்து மூடியபின் பெரும்பாலும் நீங்கிவிடும். அதை நம்பி இருப்பது சரியன்று.

14. கோப்பே திறக்க மறுக்கிறது. உள்ளே இருக்கும் எழுத்தையாவது எடுக்க முடியுமா?

முதலில் ஓப்பன் பெட்டியில், கோப்பைத் தேர்ந்து, ஓப்பன் பொத்தானின் அருகிலுள்ள சிறு அம்பைச் சொடுக்கி, "ஓப்பன் அண்ட் ரிப்பேர்" கொடுங்கள். பயனில்லை என்றால், அதே பெட்டியில் கோப்பு வகையை "ரிகவர் டெக்ஸ்ட் ஃப்ரம் எனி ஃபைல்" என்று மாற்றித் திறக்கலாம். வடிவமும் படமும் போகும், எழுத்து வரும்.

வேர்டு 2007 முதல் வழக்கில் உள்ள டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. படியெடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால், வேர்டு என்ற உறைக்குள் டாக்குமென்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். ஆவணத்தின் முதன்மை உரை முழுவதும் அதில்தான் இருக்கிறது. மறைந்த உரைக்கு முன்னால் "வேனிஷ்" என்ற குறிச்சொல் நிற்பதையும் அங்கே காணலாம். மறைப்பது என்பது அந்த ஒரு சொல்லைச் சேர்ப்பது மட்டுமே என்பது அதைக் கண்டபோதுதான் எனக்கும் உறைத்தது. திறப்பதற்குக் கடவுச்சொல் இட்ட கோப்பில் இவ்வழி செல்லாது; அது மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாத சங்கேதமாக மாற்றப்பட்டிருக்கும்.

15. வெளியே அனுப்பும் முன்பு, உள்ளே எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்வது எப்படி?

ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ் வழியாக இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்பதைத் திறங்கள். மறைந்த உரை, கருத்துரைகள், திருத்தங்கள், எழுதியவர் பெயர் முதலியவற்றை அது தேடிப் பட்டியலிடும். அங்கே ரிமூவ் ஆல் கொடுத்தால் மறைந்த உரை வெளிப்படாது, நீங்கிவிடும். சிலவற்றைத் திரும்பப் பெறவும் முடியாது. எனவே இதைப் படியில் மட்டும் செய்யுங்கள். ஒன்பதாம் விடையில் சொன்ன வெள்ளை எழுத்தை இந்தக் கருவி கண்டுபிடிப்பதில்லை. அதை நீங்களே பார்க்க வேண்டும்.

2003 பிப்ரவரியில் ஈராக் குறித்துப் பிரிட்டன் அரசு வேர்டு கோப்பாக வெளியிட்ட ஆவணத்துக்குள், அதைக் கடைசியாகச் சேமித்த 10 முறைகளின் பதிவு, பயனர் பெயர்களோடு அப்படியே இருந்தது. அக்காலப் பதிப்புகளில் "ஃபாஸ்ட் சேவ்" என்ற வசதியும் இருந்தது. விரைவுக்காக மாற்றங்களைக் கோப்பின் இறுதியில் மட்டும் சேர்த்ததால், நீக்கிய சொற்கள் உள்ளே தங்கிவிடும். வேர்டு 2007இல் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது. உங்களிடம் பழைய டாக் வகைக் கோப்புகள் இருந்தால், உரையைப் புதிய ஆவணத்தில் வெற்று உரையாக ஒட்டி அனுப்புவது மேல்.

16. ரகசிய வரிகளின் மேல் கறுப்புப் பட்டை போட்டு பிடிஎஃப் ஆக்கிவிட்டேன். இது போதுமா?

போதாது. கறுப்புப் பட்டைக்குக் கீழே எழுத்து எழுத்தாகவே இருக்கும். அந்த இடத்தைத் தேர்ந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் படித்துவிடலாம். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிடிஎஃப் ஆவணத்தில், கறுப்படித்த பகுதிகளைச் செய்தியாளர்கள் இவ்வாறுதான் படித்தார்கள். மூலக் கோப்பின் படியில் அந்தச் சொற்களை நீக்கி, இடத்தில் "நீக்கப்பட்டது" என்று எழுதிய பிறகே பிடிஎஃப் ஆக்க வேண்டும்.

17. திருத்த முடியாதபடி கடவுச்சொல் போட்டுவிட்டேன். இனி மறைந்த உரையை யாரும் பார்க்க முடியாதுதானே?

பார்க்க முடியும். ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங் என்பது வேர்டுக்குள் மாற்றங்கள் செய்வதைத் தடுக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தை மறையாக்குவதில்லை. பதினான்காம் விடையில் சொன்ன ஜிப் வழியில் எவரும் உள்ளே உள்ளதைப் படித்துவிடலாம். திறப்பதற்கே இடும் கடவுச்சொல் வேறு வகை, அது உள்ளடக்கத்தை மறையாக்குகிறது. ஆனால் அதைப் பெறுநரிடம் சொன்னால்தான் அவர் கோப்பைத் திறக்க முடியும், திறந்தவர் இரண்டாம் விடையில் உள்ள பொத்தானை அழுத்த அரை நொடி போதும். பெறுநர் பார்க்கக் கூடாத வரிகள் இருந்தால், அவை இல்லாத தனிப் படி ஒன்றைத் தயாரித்துத்தான் அனுப்ப வேண்டும்.